ஐந்தாம் தளத்து ஆவி

என் அண்ணன் டோர்பென் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பான். பனிவண்டி கவிழ்ந்த நாளிலிருந்து அவனுடைய வலது கை அசைவதில்லை. இனிமேல் ஐஸ் ஹாக்கி கிடையாது. பனி கொட்டும் எங்கள் டுலூத் ஊரில் ஹாக்கி ஆடாமல் குளிர்காலத்தை எப்படித்தான் ஓட்டுவது, சொல்லுங்கள்!

ஒரு சனிக்கிழமை அவனாகவே எழுந்து பழைய கணினியைத் திறந்தான். நான் மழலையர் பள்ளிக்குப் போன காலத்தில் அவன் விழுந்து விழுந்து ஆடிய பாதாளக் குகை விளையாட்டு அதில் இருந்தது. அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துகள்தான். நாய்க்கு ஓர் எழுத்து, பூதத்துக்கு ஓர் எழுத்து. நமக்கு ஒரே ஓர் உயிர். செத்தால் மறுபடி முதலிலிருந்து.

இத்தனை வருடம் கழித்தும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் நடப்பதற்கான எழுத்து விசைகள் எல்லாம் விசைப்பலகையில் வலப்பக்கம் இருந்தன. இடது கையால் எட்டி எட்டி அழுத்தி, முதல் தளத்திலேயே செத்துப்போனான்.

"ஒரு எலிகிட்ட செத்தேன், சிக்னே! எலிகிட்ட! என்னால இனி ஒண்ணும் ஆகாது. போ வெளிய."

நான் போகவில்லை. நாற்காலியை இழுத்து அவனுடைய வலப்பக்கம் போட்டேன்.

"நடக்கிறது நான், மத்ததெல்லாம் நீ. எந்த எழுத்துன்னு மட்டும் சொல்லு."

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"சொன்னா அழுத்தக்கூடவா தெரியாது? நான் என்ன மக்கா?"

அவன் முனகிக்கொண்டே சம்மதித்தான். நான்காம் தளத்தில் ஒரு வெள்ளி வாள் கிடைத்தது. அப்போது அவன் சிரித்தான். சத்தியமாகச் சிரித்தான்!

ஐந்தாம் தளத்தில் ஓர் ஊர் இருந்தது. அங்கே காவலாளிகள் நின்றார்கள். நாம் சும்மா இருந்தால் அவர்களும் சும்மா இருப்பார்கள்.

"இடது மேல் மூலைக்குப் போகணும். ஒய் அழுத்து."

அழுத்தினேன். நகரவில்லை. மறுபடியும் அழுத்தினேன். அந்த மூலையில் ஒரு காவலாளி நின்றதையும், நடுவில் திரையில் ஒரு கேள்வி வந்ததையும் நான் பார்க்கவே இல்லை. 'காவலாளியை நிஜமாகவே தாக்கவா?' அதற்கு ஆமாம் என்று சொல்லவும் அதே ஒய்தான்!

காவலாளிகள் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு கல்லறை வந்தது. அதில் டோர்பென் என்று எழுதியிருந்தது.

"ஐயோ, நான் வேணும்னு செய்யலடா!"

அவன் திட்டவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"விடு. செத்தது செத்ததுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அம்மா வைத்த சாப்பாடு அப்படியே ஆறிப்போனது. நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் செத்த இடத்தில் அவனுடைய பொருள்கள் அடுத்து வருபவனுக்காகச் சில சமயம் கிடக்கும். டோர்பென்தான் முன்பு சொல்லியிருக்கிறான். எப்படியாவது அந்த வாளை அவனுக்கு எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். கணினியை என் அறைக்குத் தூக்கிப்போய், பள்ளி விட்டு வந்ததும் தினமும் என் பெயரில் ஆடினேன். எலியிடம் செத்தேன், குழியில் விழுந்து செத்தேன், கெட்டுப்போனதைத் தின்று செத்தேன். கடைசியில் ஒரு நாள் ஐந்தாம் தளம் வந்தது. அதே ஊர். அங்கே வாளும் கிடந்தது.

அதன் பக்கத்தில் ஏதோ நின்றது. அது யார் என்று ஒரு விசையைத் தட்டி விளையாட்டிடமே கேட்டேன். 'டோர்பெனின் ஆவி' என்றது திரை.

நான் போட்ட கூச்சலில் அவன் போர்வையோடு ஓடி வந்தான்.

"என்னடி ஆச்சு?"

"உன் ஆவிடா! வாளை எடுக்க விடமாட்டேங்குது."

"அடிச்சுத் தள்ளு."

"உன்னையா? போடா, என்னால முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆவி மெதுவாக என் பக்கம் ஓர் அடி வைத்தது.

"சிக்னே, அவன் செத்தவன். நான் இங்கதானே நிக்கிறேன்" என்றான். "தள்ளி உட்காரு. அடிக்கிற விசை இடப்பக்கம்தான் இருக்கு. அதை நான் பார்த்துக்கிறேன்."

அவன் அடி விசையைத் தட்ட, நான் திசையைத் தட்டினேன். ஆவி லேசில் விழவில்லை. சமையலறையிலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.

"இரும்மா! என் ஆவியோட சண்டை போட்டுட்டிருக்கேன்!" என்று டோர்பென் வீடே அதிரும்படி கத்தினான்.