எச்சில் கூடு

மைக்கின் நுனியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்தது.

நிர்மலாதேவி விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. மூன்றாம் நம்பர் விமானம் சனிக்கிழமைக்குப் பிறகு ஹேங்கரை விட்டு வெளியே போகவில்லை. கதவுகள் பூட்டியிருந்தன, சாவி அவளுடைய மேசை டிராயரில் இருந்தது. வலது இருக்கைக்கு மேலே கொக்கியில் தொங்கிய ஹெட்செட்டின் கறுப்புப் பஞ்சு மட்டும், யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்து மாட்டியதுபோல நுரையும் வழுவழுப்புமாகப் பளபளத்தது. மழை ஒழுகியிருக்குமோ என்று மேலே பார்த்தாள். கூரைத்துணி காய்ந்திருந்தது. முகத்தருகே கொண்டுபோகாமலேயே வாடை வந்தது. இரவு முழுக்க மூடிக்கிடந்த வாயின் வாடை.

டிஷ்யூவால் பிடித்துப் பஞ்சை உருவி, வெளியே இருந்த பெரிய குப்பைத்தொட்டி வரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு, இரண்டு முறை கை கழுவினாள்.

பாலோ, குளுவாங் என்ற இரண்டு ஊர்களுக்கும் இடையில், செம்பனைத் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்காக ஒரு காலத்தில் போட்ட ஓடுபாதையில் அவள் விமானப் பள்ளி நடத்த ஆரம்பித்துப் பதினொரு வருடம் ஆகிறது. நான்கு விமானங்கள். இரண்டு கற்றுக்கொடுக்க, இரண்டு லைசென்ஸ் உள்ளவர்களுக்கு வாடகைக்கு. இப்படி ஒரு தொழில் என்று கேள்விப்படுகிறவர்கள் வானத்தை நினைத்துக்கொள்வார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் விட்டுப்போனதைச் சுரண்டுவதுதான். இருக்கைத் தையலுக்குள் சிக்கிய, கொறித்துத் துப்பிய குவாச்சி விதைத் தோல்கள். கருவிப்பலகைக்கு அடியில் ஒட்டிய சூயிங்கம். பையில் எடுத்த வாந்தி, பை கிடைப்பதற்குள் எடுத்த வாந்தி. மேலே ஏறியதும் மனிதர்கள் தங்கள் உடம்பை அவிழ்த்துவிட்டுவிடுகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றும். வியர்வையைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். எச்சில் மட்டும் ஆகாது. அடுத்தவர் குடித்த கிளாஸ் மேசையில் இருந்தால் அவளால் அந்த மேசையில் சாப்பிட முடியாது. ஐம்பத்தொரு வயதில் தனியாகவே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அக்காமார் சொல்வதுண்டு.

மெக்கானிக் வீரமுத்துவிடம் கேட்டாள். விமானத்துக்குள் உட்கார்ந்து யாரிடமாவது பேசினாரா என்று சுற்றி வளைத்துத்தான் கேட்டாள். அறுபது வயது மனிதர், முதல் நாளிலிருந்து கூடவே இருப்பவர். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. சாவியே தன்னிடம் இல்லையே என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

புதன்கிழமை, புதிதாகப் போட்ட பஞ்சும் ஈரமாக இருந்தது. அதோடு வலது இருக்கையின் தோள்பட்டை வாரும். பால்குடி மறக்காத குழந்தை துணி நுனியைச் சப்பிச் சப்பி வைக்குமே, அப்படி, ஒரு சாண் நீளத்துக்கு நூல் பிரிந்து வெளுத்திருந்தது.

வியாழக்கிழமை காலை வீரமுத்து எஞ்சின் மூடியைத் திறந்தார். திறந்தவர் ஏணியிலிருந்து இறங்கி, அவளைப் பார்க்கும்படி கையைக் காட்டினார்.

ஓடுபாதையின் கோடியில், தோட்ட எல்லையில், ஜன்னலே இல்லாத மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. வாலிட் குருவிகளுக்காகக் கட்டியது. அந்தக் குருவி தன் எச்சிலாலேயே கூடு கட்டும், அதைப் பிய்த்து சூப்புக்கு விற்பார்கள். குருவிகளை இழுக்க ஒலிபெருக்கியில் பகல் முழுக்கக் கீச்சொலி போட்டுக்கொண்டே இருப்பார்கள். பதினொரு வருடமாகக் கேட்டுக் கேட்டு நிர்மலாவின் காது அதை மறந்தே போயிருந்தது. இப்போது அது திடீரென்று மிக அருகில் கேட்டது.

எஞ்சினுக்கும் பின்சுவருக்கும் நடுவே, வெள்ளையாக, பாதி ஒளி ஊடுருவும்படி, அரைக் கிண்ணம் ஒன்று ஒட்டியிருந்தது. வாலிட் கூடு மூன்று விரல் அகலம் இருக்கும். இது சோற்றுச் சட்டி அளவு இருந்தது. வீரமுத்து விளிம்பைப் பிடித்து இழுத்தபோது அது உடையவில்லை. இழை இழையாக நீண்டது. எஞ்சின் ஐந்து நாளாக ஓடவில்லை, உலோகம் சில்லென்றிருந்தது. கூடு சூடாக இருந்தது என்றார் அவர். அதற்குள், சுவரைப் பிணைப்பதற்கு நார் வைத்ததுபோல, நீள நீளமாகத் தலைமயிர். கறுப்பும் நரையும். அடியில், கடித்துத் துப்பிய நகத்துண்டுகள் ஒரே பக்கம் பார்த்தபடி வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன.

 நிர்மலா வாயைப் பொத்திக்கொண்டு ஹேங்கர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

"இத லாக் புக்குல எழுதணும்மா," என்றார் வீரமுத்து. "பின்னால வால் வரைக்கும் தொறந்து பார்க்காம ஏத்தக்கூடாது."

அவள் கணக்குப் போட்டாள். திங்கட்கிழமை பள்ளியின் லைசென்ஸைப் புதுப்பிக்க அதிகாரிகள் வருகிறார்கள். வாடகை விமானங்களில் இன்னொன்று எஞ்சின் கழற்றிக் கிடக்கிறது. மூன்றாம் நம்பரையும் எழுதி நிறுத்தினால் வாடகை விமானம் என்று காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, அதை என்னவென்று எழுதுவது? எச்சில் என்ற வார்த்தையைத் தன் கையெழுத்தில் எழுதுவதை நினைத்தாலே குமட்டியது.

"குருவிக் கூட்டையெல்லாம் யாரும் எழுதமாட்டாங்க அண்ணே. தொடச்சிட்டு மூடுங்க."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு துடைத்தார்.

மறுநாள் அவர் வரவில்லை. பத்து மணிக்குப் போன் செய்தார். காய்ச்சலா என்று கேட்டாள். இல்லை, கைதான் என்றார். அந்தக் கூட்டைப் பிய்த்த கை. நேற்றிலிருந்து எத்தனை முறை துடைத்தாலும் காயவில்லை. வலி இல்லை, புண் இல்லை, விரலிடுக்கில் ஊறிக்கொண்டே இருக்கிறது. மனைவி தலையணைக்கு மேலே பிளாஸ்டிக் விரித்திருக்கிறாள். வியர்வையாக இருக்கும், கிளினிக் போங்கள் என்று நிர்மலா சொன்னாள். போனை வைத்த பிறகு, அவர் குரல் வந்த அந்தக் கருவியையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. தகரக்கூரை முழுக்க இரைச்சல். மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, டெட்டால் போத்தலும் கையுறையுமாக அவள் மூன்றாம் நம்பருக்குப் போனாள். பின்னிருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம், அதற்கும் பின்னால் துணித்திரை, திரைக்கு அப்பால் வால் வரை நீளும் இருண்ட குழாய். திரையை ஒதுக்கிப் பார்த்துவிடுவது என்றுதான் வந்தாள். இருக்கையில் முழங்காலை ஊன்றிக் கையை நீட்டியபோது மழை சற்றே தணிந்தது. இரைச்சலுக்கு அடியில் இருந்த சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

யாரோ மெதுவாக மென்றுகொண்டிருந்தார்கள். அவசரமே இல்லை. நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும் சத்தம். பிறகு ஒரு விழுங்கல். மறுபடி.

அவள் மூச்சை நிறுத்தினாள். அதுவும் நிறுத்தியது.

கூரைப் பீலியில் மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டாள். திரையைத் தொடாமலேயே போத்தல் காலியாகும்வரை டெட்டாலைத் துணிமேல் பீய்ச்சி அடித்துவிட்டு, இறங்கிக் கதவைப் பூட்டினாள். திரை உள்ளிருந்து ஒருமுறை உப்பி அடங்கியதைப் பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஷர்மினி வந்தாள். முப்பத்து நான்கு வயது, சிங்கப்பூரில் கட்டட நிறுவனமொன்றில் வேலை. லைசென்ஸ் எடுத்து நான்கு வருடம். மாதம் ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டி வந்து, இரண்டு மணி நேரம் பறந்துவிட்டு, லாயாங் லாயாங் என்ற ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். சொந்த ஹெட்செட் வைத்திருந்தாள், இருக்கையைத் துடைத்துவிட்டே இறங்குவாள். வாடகைக்கு எடுப்பவர்களில் நிர்மலாவுக்கு அருவருப்பு தராத ஒரே ஆள்.

அவள் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தட்டியும் அசைத்தும் பார்த்தாள். கதவைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"என்னக்கா வாடை இது? ஆஸ்பத்திரி மாரி."

"டெட்டால் அடிச்சேன் லா. ஈரம் தங்குது, மழைக்கு."

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடம் இருந்தது. ஷர்மினி லாக் புக்கைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் ஒன்றுமில்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். நிர்மலா அவளுடைய நீண்ட பின்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விமானம் செம்பனைகளுக்கு மேலே ஏறி மேற்கே, கடற்கரைப் பக்கம் திரும்பியது. நிர்மலா ஆபீசில் ரேடியோ முன்னால் உட்கார்ந்தாள். முதல் இருபத்தைந்து நிமிடம் வழக்கம்போல. உயரம், இடம், திசை, எல்லாம் ஆங்கிலத்தில், சுருக்கமாக. பிறகு ஷர்மினி தமிழில் பேசினாள். வானத்திலிருந்து அவள் தமிழில் பேசியதே இல்லை.

"அக்கா, சேனல்ல வேற யாராச்சும் இருக்காங்களா? யாரோ சாப்பிடற சத்தம் கேக்குது."

யாரும் இல்லை என்றாள் நிர்மலா. அவளுடைய ஸ்பீக்கரில் எதுவும் கேட்கவில்லை.

வலது பக்க ஹெட்செட்டிலிருந்து வருகிறது என்றாள் ஷர்மினி. கொக்கியில்தான் தொங்குகிறது. வாய் மிக அருகில் வந்தால்தான் அந்த மைக் திறக்கும், அது இருவருக்குமே தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிடச் சொன்னாள் நிர்மலா. சற்று நேரம் வெறும் இரைச்சல்.

"பிடுங்கிட்டேன். இன்னும் கேக்குது."

"திரும்பி வா. நேரா வா. ஷர்மினி, பின்னால மட்டும் பார்க்காத."

 சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்ன என்று நிர்மலாவுக்கே உறைத்தது.

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

 பேசும் பொத்தானில் நிர்மலாவின் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

பிறகு ஸ்பீக்கர் தானாகத் திறந்துகொண்டது. பேச்சு இல்லை. எஞ்சின் சத்தம், அதன்மேல், ஸ்பீக்கர் வலைக்குப் பின்னாலேயே வாயை வைத்ததுபோல, மெல்லும் சத்தம். நாக்கு. விழுங்கல். மயிரை வாய்க்குள் இழுக்கும் நீண்ட உறிஞ்சல். இருபது நிமிடம் அது நிற்கவே இல்லை. நிர்மலா அணைக்கவும் முடியாமல் கேட்கவும் முடியாமல், முழங்கால்களுக்கு நடுவே கைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரைக் கூப்பிடுவது? என்னவென்று சொல்வது? இரண்டு முறை குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள்.

விமானம் வந்தது. சரியான உயரத்தில், சரியான வேகத்தில். அலுங்காமல் இறங்கியது. ஓடுபாதையின் நடுவில் நின்றது. எஞ்சின் அணைந்தது.

யாரும் இறங்கவில்லை.

அவள் ஓடினாள். வெயில் சுள்ளென்றிருந்தது. புல்லில் நேற்றைய மழை. குருவிக் கட்டடத்தின் கீச்சொலி நின்றுபோயிருந்தது. பதினொரு வருடத்தில் முதல் முறையாக.

ஜன்னல்கள் வெள்ளையாக இருந்தன.

பனி அல்ல. பூச்சு. உள்ளே இருந்து. பட்டை பட்டையாக, நாக்கின் அகலத்துக்கு.

"ஷர்மினி."

வலது கதவுதான் பக்கத்தில் இருந்தது. கைப்பிடியைத் திருப்பினாள். வரவில்லை. இழுத்தாள். கதவு ஒட்டிக்கொண்டு, நீண்டு, இழை இழையாகப் பிரிந்தது. ஒரு இழை அவள் உதட்டில் விழுந்தது. வெதுவெதுப்பு. துப்பினாள். துப்பிக்கொண்டே இருந்தாள். வாடை முகத்தில் அறைந்தது.

உள்ளே கூரையிலிருந்து தரை வரை வெள்ளை.

ஷர்மினி இடது இருக்கையில் இருந்தாள். மார்பு வரை கிண்ணம். கைகள் உள்ளே. முகம் மட்டும் வெளியே, சுத்தமாக, நக்கித் துடைத்ததுபோல் பளபளவென்று. உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணில் பயம் இல்லை. நிர்மலாவைப் பார்த்தாள். கிளாஸில் அடுத்தவர் எச்சிலைப் பார்க்கிற பார்வை.

அவளுடைய பின்னல் அவிழ்ந்திருந்தது. பின்னோக்கி இழுபட்டிருந்தது. ஒவ்வொரு மயிராக. திரை இருந்த இடத்தில் திரை இல்லை. இருட்டு. இருட்டில் ஒரு வாய். முகம் இல்லை. உதடு, பல், நாக்கு. அது அவள் மயிரை நனைத்தது. சுவரில் வைத்தது. உதட்டால் அழுத்தியது. அடுத்த மயிர். பொறுமையாக.

நிர்மலா பின்னால் நகரப் பார்த்தாள். முடியவில்லை. உள்ளே எட்டிப் பார்க்க ஊன்றிய இடது கை எதிலோ புதைந்திருந்தது.

குனிந்து பார்த்தாள்.

வலது இருக்கையில் இன்னொன்று. புதிது. விளிம்பு இன்னும் காயவில்லை. ஆள் உட்காருகிற அளவு. அதன் சுவரில் வரிசை வரிசையாக, அவள் தலையில் இருப்பதுபோலவே நரைமயிர் பதிக்கப்பட்டிருந்தது.

உள்ளே காலியாக இருந்தது. லேசாக ஆவி பறந்தது.