மருமகள் மறைத்த பள்ளிக்கூடம்

காலை அவல் போஹாவில் எலுமிச்சை பிழியும் முன்பே அந்த வீட்டில் புளிப்பு ஏறிவிட்டது.

"பையனும் பொண்ணும் ஒரே பெஞ்சுலயா! என் உயிர் இருக்கிற வரைக்கும் நடக்காது!" என்று தட்டைத் தள்ளினாள் குலாப் தேவி.

பேத்தி விதுலா மூலையில் விசும்பினாள். அவள் ஆசைப்பட்டது இந்தூரிலேயே பேர்போன பள்ளி. காலையில் பஸ்ஸில் போய் மாலையில் வீடு திரும்பலாம். நீச்சல் குளம், சோதனைக்கூடம், தபேலா வகுப்பு எல்லாம் உண்டு. நேற்று பார்க்கப் போன தாத்தா கன்ஷியாம் சேட், ஜவுளிக்கடைப் பழக்கத்தில் முதலில் ஒரு மாணவனின் சட்டைத் துணியை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு, "நீச்சலும் தபேலாவும் எங்களுக்கு வேணாம், அதைக் கழிச்சுட்டு விலை சொல்லுங்க" என்றார். பள்ளிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பேரம் படியாத இடத்தில்தான் சேட்டுக்குத் தன்மானம் பொங்கும்.

"என் பஹூவைப் பாருங்க! பொண்ணுங்க ஸ்கூல்ல படிச்சவ. பதினாலு வருஷத்துல ஒரு எதிர்வார்த்தை பேசியிருப்பாளா?" என்றாள் குலாப் தேவி.

அடுப்படியில் மருமகள் சுலோசனாவின் கை நின்றது. எத்தனை கல்யாண வீடுகளில் கேட்ட பாராட்டு! சோதனைக்கூடத்தில் அழுகிய முட்டை வாடை கிளம்பியதும் பையன்களும் பெண்களும் ஒன்றாக மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய அந்த வராந்தா... உதிர்ந்த குல்மோஹர் பூக்களை மிதித்து நின்ற காலைப் பிரார்த்தனை... எல்லாவற்றையும் முக்காட்டுக்குள் மூடி வைத்திருந்தாள். இப்போதும் வாயை மூடிக்கொண்டால் நல்ல பெயர் மிஞ்சும். மகளுக்குத்தான் பள்ளி கிடைக்காது.

"மாஜி... நான் படிச்சது அந்த ஸ்கூல்லதான்."

"என்னடி உளர்றே?"

"பத்தாவது வரைக்கும், பையங்களோடதான். வரன் தட்டிப்போகும்னு எங்கப்பா தரகர்கிட்ட மாத்திச் சொல்லிட்டார். என்னை வீட்டை விட்டுப் போகச் சொன்னாலும் போறேன்... என் பொண்ணும் என்னை மாதிரி மறைச்சு மறைச்சு வாழ வேணாம் மாஜி!"

"எங்கிட்டகூடச் சொல்லலியே!" என்றான் கணவன் நவரதன்.

"நீங்க கேட்டதே இல்லையே..."

சேட் துள்ளி எழுந்தார். "மோசடி! மில் பேரை மாத்தி நம்ம தலையில கட்டிட்டாங்க!"

"சும்மா இருங்க! பதினாலு வருஷமா சாயம் போகாத துணியை, இப்ப மில் பேரைக் கேட்டுட்டுத் திருப்பிக் கொடுப்பீங்களா?" என்று சீறினாள் குலாப் தேவி. தன் பெருமை உடைந்த வலி முகத்தில் அப்படியே இருந்தது. மெல்ல மருமகளின் முக்காட்டை விலக்கினாள்.

"அங்க என்னதான்டி பண்ணினே?"

"டேபிள் டென்னிஸ் ஆடினேன், மாஜி."

"பையங்களோடவா?"

"ம்..."

"ஜெயிச்சியா?"

"அனேகமா எல்லா ஆட்டத்துலயும்..."

கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பையங்களையே தோக்கடிச்சவ, எங்கிட்ட மட்டும் ஏன்டி இத்தனை வருஷமாத் தோத்துக்கிட்டே இருந்தே?"

சுலோசனா மாமியாரின் தோளில் விழுந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள்... குலாப் தேவி அவளை இறுக அணைத்துக்கொண்டாள்.

"போதும், எழுந்திரு. நல்ல புடவையா எடுத்துக் கட்டு. கேட்ட ஃபீஸைக் கட்டி விதுலாவைச் சேர்த்துட்டு வருவோம். அப்படியே நீ ஆடின மேசையை எனக்குக் காட்டு!"