கொடி வரைய மறுத்தவள்

வரலாற்று டீச்சர் மூன்று சீட்டுகளைக் குலுக்கிப் போட்டார். ஜன்னல் வரிசைக்குப் பழமைவாதம், நடு வரிசைக்குத் தாராளவாதம், கதவோர வரிசைக்குத் தேசியவாதம் வந்தது.

"பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பால இந்த மூணும்தான் மல்லுக்கட்டுச்சு. இப்ப நீங்க கட்டுங்க. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு வரிசையும் தன் கட்சிய பேசணும்" என்றார்.

ஜன்னல் வரிசைக்கு யோகம். ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுத்து, "எதையும் மாத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தார்கள். நடு வரிசை சட்டம் எழுத ஆரம்பித்து, மூன்று நாளாக முதல் சட்டத்திலேயே சண்டை போட்டது.

கதவோர வரிசைக்கு வேலை அதிகம். ஜெர்மனி முப்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்ன அரசுகளாகக் கிடந்ததாம். 'நாமெல்லாம் ஒரே மக்கள்' என்ற எண்ணம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் பாட்டு வேண்டும், கொடி வேண்டும், குடிமக்கள் பட்டியல் வேண்டும்.

பட்டியலை மைக் எழுதினான். அவன் குரலுக்கு அந்தப் பெயர் சரிதான். கொடி வரைவது 'பிரஷ்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணின் பொறுப்பு. அவள் எப்போதும் தலைமுடியில் தூரிகையைச் செருகியிருப்பாள்.

பட்டியலில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். பிரஷ் இரண்டு முறை எண்ணினாள். வரிசையில் பன்னிரண்டு பேர்.

"புதுசு பேரு எங்க?"

போன மாதம் சேர்ந்த பெண்ணைத்தான் எல்லோரும் அப்படிக் கூப்பிட்டார்கள். அவள் கடைசி பெஞ்சில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வீட்ல வேற பாஷை. ஒரே மொழி, ஒரே மக்கள். டீச்சரே போர்டுல எழுதினாங்களே!" என்றான் மைக்.

"அது ஒண்ணுதான் எழுதினாங்களா?"

"ஒரே பழைய கதையும் இருக்கணும்னு எழுதினாங்க. ஒண்ணாம் வகுப்புல ரப்பர் குழாயப் பாம்புன்னு நெனச்சு எல்லாரும் ஓடினோமே, அப்ப இவ இருந்தாளா?"

கடைசி பெஞ்சில் பேனா நின்றுவிட்டது. அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பிரஷ் அதைக் கவனித்தாள்.

"அப்ப கொடியும் கிடையாது" என்று வண்ணப் பெட்டியை மூடினாள்.

மைக் கெஞ்சினான், மிரட்டினான். ஒருவன் "துரோகி!" என்றுகூடச் சொன்னான். "என்ன வேணா சொல்லிக்கோ. வரைய மாட்டேன்" என்றாள் பிரஷ். வியாழக்கிழமை மைக்கே ஒரு கொடி வரைந்து பார்த்தான். அது சாயம் போன துண்டு மாதிரி வந்தது.

மதியம் பிரஷ் தன் வரலாற்று நோட்டைக் கொண்டுவந்து மைக் முன்னால் விரித்தாள்.

"டீச்சர் போர்டுல எழுதின மூணாவது வரியப் படி."

மைக்கின் நோட்டில் மூன்றாவது வரியே இல்லை. அந்த இடத்தில் ஒரு கிரீடம் வரைந்திருந்தான். அதனால் அவள் நோட்டிலிருந்து படித்தான். "சேர்ந்து வாழும் விருப்பம்."

"மொழியா, கதையா, விருப்பமான்னு அந்தக் காலத்துலயே பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுக்கிட்டாங்களாம். நான் விருப்பம் பக்கம். சேர விருப்பமான்னு நீ யாரையாவது கேட்டியா? இப்ப எல்லாரையும் கேளு."

மைக் வரிசையாகக் கேட்டான். எல்லோரும் "விருப்பம்" என்றார்கள். ஒருவன் மட்டும், "கொடி கிடைக்கும்னா விருப்பம்" என்றான்.

கடைசி பெஞ்சுக்கு வந்ததும் மைக்கின் குரல் இறங்கிவிட்டது. "புதுசு, எங்ககூட சேர உனக்கு விருப்பமா?"

அவள் நிமிர்ந்தாள்.

"எனக்குப் பேர் இருக்கு. அதச் சொல்லிக் கேளு."

மைக் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவன் அடுத்தவனைப் பார்த்தான். வருகைப் பதிவுக்கு டீச்சர் எண்ணைத்தான் கூப்பிடுவார். பெயர் யாருக்கும் தெரியவில்லை.

பிரஷுக்கும் தெரியவில்லை. மூன்று நாள் அவளுக்காகச் சண்டை போட்டவளுக்கு முகம் சிவந்துவிட்டது. நேரே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தப்பு எங்க மேலதான். என் மேலயும்தான். உன் பேரு என்ன?"

அவள் சொன்னாள். பிரஷ் திருப்பிச் சொன்னாள். தப்பு. இன்னொரு முறை சொன்னாள். அதுவும் தப்பு. மூன்றாவது முறை சரியாக வந்தது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். மைக்குக்குத்தான் ஏழு முறை ஆயிற்று.

பிறகு அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முழுக் கேள்வியையும் மறுபடி கேட்டான்.

"விருப்பம்தான். ஆனா உங்க பாட்டு ரொம்ப மோசம். மெட்ட மாத்தினாத்தான் வருவேன்" என்றாள் அவள்.

மைக் உடனே பாட்டுத் தாளை அவளிடம் நீட்டினான்.