சூடேறாத பிளசர்

“நல்லாத் தொட்டுப் பாருங்க மாமா. சுடுதுங்களா?”

“சுடலையே.”

“உள்ளங்கையை வெச்சு அமுக்கிப் பாருங்க.”

“வெச்சுட்டுத்தானப்பா நிக்கறேன். சுடலைன்னா நல்லதுதான? இதைக் காட்டறதுக்கா இந்த வேகாத வெயில்ல ஓடியாரச் சொன்னே?”

“அரை மணி நேரமா ஓடுதுங்க இந்த எஞ்சின்.”

சின்னண்ணன் ரேடியேட்டரிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். துடைத்த இடத்தில் வேட்டி ஈரமாயிற்று.

சண்முகவேல் காரின் எஞ்சினை நிறுத்தினான். எருமப்பட்டியைத் தாண்டிய அந்தச் செம்மண் காட்டில், சித்திரை மாதத்து மத்தியானத்தில், வேப்பமரத்து நிழல்கூடச் சுட்டது; பானட்டுத் தகரத்தில் கையை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்; புகைக்குழாய் பழுக்கக் காய்ந்து நாறியது. நடுவே அந்த ரேடியேட்டர் மட்டும் வேர்த்துக் கிடந்தது. நின்ற எஞ்சின் குளிரும்போது இரும்பு சுருங்கி டிக், டிக் என்று சத்தம் கேட்கும். இன்றைக்கு அது கேட்கவில்லை. உள்ளே எங்கோ ஆழத்தில் ‘களக்’ என்று ஒரு சத்தம். குடம் தண்ணீரில் சாயும்போது வருகிற சத்தம்.

அவனிடம் அட்டை போன ஒரு பழுதுபார்க்கும் புத்தகம் இருந்தது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்துப் படித்து அதைப் பாதி மனப்பாடம் செய்திருந்தான். வண்டி கொதித்தால் என்ன செய்வது என்று அதில் இரண்டு முழுப் பக்கம். கொதிக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. அவனாகவே மூன்று நாளாகச் சோதித்துப் பார்த்துவிட்டான். விசிறியின் வாரைக் கழற்றிவிட்டு ஓட்டினான். ரேடியேட்டருக்கு முன்னால் கோணிச்சாக்கைக் கட்டிக் காற்றே புகாமல் ஓட்டினான். சாக்குதான் நனைந்தது. மூடியைத் திறந்தால் தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையாமல் கழுத்து மட்டும் நின்றது.

“என்ற சக்களத்தி இன்னிக்காச்சும் நல்லா இருக்கறாளா?”

வாசற்படியில் அவன் மனைவி சாரதாமணி நின்றிருந்தாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை நிலைக்கட்டையில். நாள் கிட்டத்தில் வந்துவிட்டது. இன்னும் பத்து நாள் என்று அத்தாயி சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேரைக் கையில் ஏந்தியவள் அத்தாயி.

“நல்லா இருக்கறா. நீ உள்ள போ சாமி, வெயிலு” என்றான் சண்முகவேல்.

“அவளைத் தடவிக் குடுக்கற மாதிரி என்னை ஒரு நாள் தடவியிருப்பீங்களா?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். சின்னண்ணன் வழக்கமாக இதற்குச் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், முதல் பிரசவத்துக்கு, இதே சின்னண்ணனின் மாட்டு வண்டியில்தான் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு மணி நேரம். நாமக்கல் எல்லைக்கு இந்தப் பக்கமே எல்லாம் முடிந்துபோயிற்று. துணியில் சுற்றிய பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்த வழியில் சாரதாமணி ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். “வேகமாப் போயிருந்தா.” அந்த வார்த்தைக்காகத்தான் இந்த வண்டி.

அந்தப் பிளசர் கார் பெரிய தோட்டத்துத் தண்டாயுதபாணியுடையது. போன ஐப்பசியில் நிறைமாதமாயிருந்த தம் மனைவி ராசாத்தியைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவரே ஓட்டிக்கொண்டு போனார். வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிப் பாதையின் சரிவில் வண்டி கொதித்தது. பக்கத்தில் கிணறு. சக்கரத்துக்குக் கல் வைக்காமல் சொம்போடு இறங்கிப் போய்விட்டார். தண்ணீர் மொண்டுகொண்டு பாதிப் படி ஏறி வந்தபோது, உருண்டு வந்த வண்டி தலைக்கு மேலே வானத்தை மறைத்தது. அந்தக் கிணற்றுக்கு மேட்டுச்சுவர் கிடையாது. தரையோடு தரையாக வாய் திறந்திருக்கும் கிணறு.

ராசாத்தியை மறுநாள் எடுத்தார்கள். வண்டியை மாசியில், தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகு, சின்னண்ணனின் நாலு மாடுகளைத் தண்ணீர் இறைக்கும் கவலைக் கயிற்றில் பூட்டி சண்முகவேல் மேலே இழுத்தான். தண்டாயுதபாணி அதற்கு முன்பே கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார். ‘எடுத்துக்கட்டும், என் கண்ணில் படாமல் இருந்தால் போதும்’ என்று சொல்லியனுப்பினார். சண்முகவேல் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவைக் கழற்றி மூன்று நாள் வெயிலில் உலர்த்தினான். வால்வுகளைத் தேய்த்து உட்காரவைத்தான். பிரேக்குக்குப் புதுப் பட்டை போட்டான். பின்சீட்டை அடியோடு பிரித்து எறிந்துவிட்டுப் புதுத் தேங்காய் நார் அடைத்துத் தைத்தான். மக்கிப்போன கித்தான் கூரையைக் கிழித்துப் போட்டு வெறும் சட்டத்தோடு விட்டான். பழைய வண்டியில் பழையதாக என்ன மிச்சம் இருக்கிறது?

“ரேடியேட்டருக்கு எங்க தண்ணி மொண்டே?” என்றார் சின்னண்ணன்.

“வெள்ளிக்கெழம மொதத் தடவையா இட்டேரி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேனுங்க. திரும்பும்போது கொதிச்சுப் போச்சு. அங்கியே…”

“அந்தக் கெணத்துலயா?”

“சித்திரையில வேற எங்கீங்க தண்ணி கெடக்குது? ரெண்டு சக்கரத்துக்கும் கல்லு வெச்சுட்டுத்தான் எறங்குனேன்.”

“எத்தன சொம்பு?”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுலயே ரொம்பிப் போச்சு.”

சொல்லும்போதுதான் அவனுக்கே உறைத்தது. கொதித்து வற்றிய ரேடியேட்டர் ஒரு சொம்பில் எப்படி நிரம்பும்?

“எதாச்சும் பேசுனயா, மாப்ள?”

“ஆருகிட்டங்க? அங்க ஆரும் இல்ல.” சண்முகவேல் நிறுத்தினான். “வண்டிகிட்டப் பேசுனேன்.”

“என்னன்னு?”

ஏரில் பூட்டிய மாட்டிடம் பேசிப் பழகிய வாய். நன்றாக இழுத்த மாட்டை முதுகில் தட்டுவது போல மட்கார்டைத் தட்டினான். தட்டிச் சொன்னான்.

“‘வா சாமி, ஊட்டுக்குப் போலாம்’னு சொன்னேனுங்க.”

சின்னண்ணன் வண்டியைவிட்டு இரண்டடி பின்வாங்கினார். அவர் சொல்லவேண்டியதில்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தான். கிணற்றில் போனவர்களை அப்படித்தான் வீட்டுக்கு அழைப்பார்கள். மூன்றாம் நாள் கட்டியவன் போய் அதே கிணற்றில் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும். ராசாத்தியை யாரும் கூப்பிடவில்லை. தண்டாயுதபாணிக்கு அந்தக் கிணற்றுப் பக்கம் போகவே கால் வரவில்லை.

யாராவது கூப்பிடட்டும் என்று ஆறு மாதமாக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

“திரும்பிப் பாத்தயா?”

“ஓட்டறவன் எப்படீங்க திரும்பிப் பாக்கறது?”

“பாக்காத. இனியும் பாக்காத. பாத்தா, கூப்புட்டுக் கூட வர்றவிய பக்கத்துல இருக்கற உசுரைப் புடிச்சுக்குவாங்க. கொடத்தை எடுத்துட்டு வா. தண்ணியை ஒரு சொட்டு உடாம எறக்கி, பொழுது உழுகறதுக்குள்ள அதே கெணத்துல ஊத்திட்டு வந்துரலாம்.”

ரேடியேட்டருக்கு அடியில் இருந்த சிறு குழாயைத் திருகினான். தண்ணீர் வந்தது. பாசியும் ஈரக்கல்லும் புறா எச்சமும் கலந்த, வெயிலையே காணாத வாடை. அதற்குள் லேசாக மஞ்சள் வாடை. அந்த ரேடியேட்டர் இரண்டு குடம் பிடிக்கும். இரண்டு குடம் நிரம்பியது. மூன்றாவது நிரம்பியது. வீட்டிலிருந்த அண்டாவைக் கொண்டுவந்து வைத்தான், அதுவும் நிரம்பியது. மேல்மூடியைத் திறந்து பார்த்தான். கழுத்து மட்டும் தண்ணீர். அசையாமல் நின்றது. அதில் அவன் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால் வட்டமாக வானம், கிணற்றுக்குள்ளிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்குச் சிறியதாக.

பிறகு தண்ணீர் நூலாக இளைத்தது. ஏதோ அடைத்திருந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தான். கறுப்பாக ஒன்று வந்தது. நார் என்று நினைத்தான். இழுத்தான். இன்னும் வந்தது. முழங்கை நீளம். ஓர் ஆள் நீளம். எண்ணெய் தடவி வாரிய முடி. அவன் விரல்களைச் சுற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து மெல்ல அதுவும் இழுத்தது.

கையை உதறிக் குழாயை இறுக மூடினான்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சாரதாமணி கத்தினாள்.

அத்தாயி வந்து பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் ரத்தமில்லை. “புள்ள குறுக்க கெடக்குது. கை முன்னால வருது. என்னால ஆகாது சாமி. நாமக்கல்லுக்குக் கொண்டுட்டு ஓடுங்க.”

“மாட்டு வண்டியைப் பூட்டறேன்” என்றார் சின்னண்ணன்.

“நாலு மணி நேரமுங்க மாமா.”

“மாப்ள, அது வேண்டாம்.”

“நாலு மணி நேரமுங்க!”

இரண்டு பேருமாகச் சாரதாமணியைத் தூக்கி வந்து பின்சீட்டில் நீளப் படுக்கவைத்தார்கள். அத்தாயி கூட ஏறுவதற்குப் படிப்பலகையில் ஒரு காலை வைத்தாள். பின்சீட்டைப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

“நான் இதுல ஏற மாட்டேன். ராசாத்தியைக் கெணத்துல இருந்து எடுத்தப்ப இந்தக் கையிலதான் குளிப்பாட்டுனேன். மாட்டு வண்டியில பின்னாலயே வாரேன்.”

கெஞ்சுவதற்கு நேரமில்லை. கைப்பிடியைச் செருகினான். இத்தனை நாளும் தோள் கழன்று போகும்வரை சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். இன்று அவன் அழுத்துவதற்கு முன்பே, கைப்பிடி தானாக அரைச் சுற்றுச் சுற்றியது. எஞ்சின் எடுத்துக்கொண்டது. மிருதுவாக. ஓர் இருமல்கூட இல்லாமல்.

திரும்பிப் பார்க்காதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

இட்டேரியின் இரண்டு பக்கமும் கிளுவை வேலி காய்ந்து நின்றது. வெயில் எதிரே முகத்தில் அடித்தது. சக்கரங்கள் கிளப்பிய புழுதி பின்னால் எழுந்து அப்படியே தொங்கியது. எஞ்சினிலிருந்து வந்த காற்று, அனலாக வரவேண்டிய காற்று, அவன் முழங்கால்களில் பனியாக இறங்கியது. சாரதாமணி முனகிக்கொண்டே வந்தாள். அந்த முனகல் கேட்கும்வரை நல்லது. அதை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினான்.

கிணறு வந்தது.

நிறுத்தினால் ராசாத்தி இறங்கிக்கொள்வாளா? ஆனால் இங்கேதான் தண்டாயுதபாணியும் நிறுத்தினார். இதே சரிவு. பின்சீட்டில் இதே போல ஒருத்தி. சண்முகவேல் நிறுத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கடந்தான். யாராவது இறங்கினால் வண்டி சற்று மேலெழும், பின்சக்கரத்து ஸ்பிரிங் வில் நிமிரும் என்று உடம்பெல்லாம் காதாகக் காத்திருந்தான்.

வில் நிமிரவில்லை. இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

முனகல் நின்றது.

“ஏனுங்க.”

“இதா வந்துட்டோம் சாமி. ஒரு மைலு. ரெண்டு மைலு.”

“சீட்டெல்லாம் ஈரமுங்க.”

“பனிக்கொடம் உடைஞ்சிருக்கும். பயப்படாத.”

“இல்லீங்க. சில்லுனு இருக்குது.”

அவன் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கின. பிடரியில் ஏதோ சொட்டியது. மேலே கூரை இல்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. இன்னொரு சொட்டு. துடைக்கவில்லை. திரும்பவில்லை.

“நான் படுத்துட்டுத்தான இருக்கறேன்?” அவள் குரல் தூக்கத்தில் பேசுவது போல இருந்தது.

“ஆமா சாமி. படுத்துக்க.”

“அப்ப என்ற தலையை ஆரு மடியில வெச்சிருக்கறாங்க?”

பாதை வடக்கே திரும்பியது. வெயில் இடது பக்கம் வந்தது. வண்டியின் நிழல் வலது பக்கத்து வேலியில் விழுந்து கூடவே ஓடியது. சக்கரங்களின் நிழல். கூரையில்லாத சட்டத்தின் நிழல். முன்னால் குனிந்த அவன் தலை.

பின்னால் இன்னொன்று.

நேராக உட்கார்ந்திருந்தது. அவிழ்ந்த முடி. காற்றில் பறக்கவில்லை. நனைந்த முடி பறக்காது.

அவன் திரும்பவில்லை. நிழல் மெல்லக் குனிந்தது. மடிமேல் இருந்ததன் மேல். கவனமாக.

நாமக்கல் மலை தெரிந்தது. இன்னும் சிறியதாக. வெகு தூரத்தில்.

“ஏனுங்க,” என்றாள் சாரதாமணி. “வயித்து மேல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க.”