நாலாம் பக்கத்தில் ஒரு ஏணி!

கேலீன் டக்கெட் ஏணியின் கடைசிப் படியில் நின்று அலறினாள்.

காலையில் சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக வந்தது. மழைநீர்த் தொட்டியில் தவளை செத்து அடைத்திருக்கும் என்று ஏறியவள், மூடியைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

தவளை இல்லை.

குப்புற மிதந்தது ஒரு மனிதனின் முதுகு!

சாம்பல் நிறச் சட்டை. கழுத்தில் கேமராப் பட்டை. கேமராவை மட்டும் காணோம்.

*

பதினொரு மணிக்கு நோரீன் பாஸ்கோவின் மேஜையில் டெலிபோன் அடித்தது.

நோரீனுக்கு வயது நாற்பத்தொன்று. வேலையில் அடிபட்டவர்களைச் சோதித்து, இவர் இத்தனை கிலோ தூக்குவார், இத்தனை மணி நேரம் நிற்பார், வேலைக்குப் போகலாம் அல்லது போகக் கூடாது என்று எழுதித் தருவது அவள் உத்தியோகம். 'போகக் கூடாது' என்று அவள் கடைசியாக எழுதி மூன்று வருஷம் ஆயிற்று.

"நோரீன்? டிடெக்டிவ் சார்ஜென்ட் ஹேடோ. உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்."

"எனக்கா... எதுக்கு?"

"டாரல் டக்கெட்டைக் கொலைக் கேஸ்ல உள்ள வெச்சிருக்கேன்!"

நோரீன் நாற்காலியை இறுகப் பிடித்தாள்.

"யா... யாரைக் கொன்னாராம்?"

"நெவில் ப்ரவுட். இன்ஷூரன்ஸ்காரங்களுக்காகப் புதர்ல ஒளிஞ்சு வீடியோ எடுப்பானே, அந்த ஒல்லிக்குச்சி. நேத்து சாயங்காலம் யாரோ மண்டையில போட்டு, டாரல் வீட்டுத் தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிட்டாங்க. பொண்டாட்டி ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போயிருந்தா. வலி மாத்திரை போட்டுத் தூங்கிட்டேன்னு டாரல் கதை விடறான்."

"டாரலால முடியாது சார்ஜென்ட்! அவர் கழுத்து..."

"அதையேதான் கேலீனும் கத்தினா. நானும் கொஞ்சம் குழம்பிட்டேன். அப்புறம் இன்ஷூரன்ஸ் ஆபீஸ்லேர்ந்து உங்க ரிப்போர்ட் வந்துது பாருங்க... அடடா! 'தோளுக்கு மேலே இருபத்தைந்து கிலோ தாராளமாகத் தூக்குகிறார். வலி என்பது நடிப்பு. முழு நேர வேலைக்குத் தகுதியானவர்.' கீழே உங்க கையெழுத்து! இதைவிட நல்ல சாட்சிக்கு நான் எங்க போவேன்?"

லைன் துண்டானது.

நோரீன் ரிசீவரை வைக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் கண் முன்னால் வந்து நின்றது. டாரல், மாட்டுக்கறித் தொழிற்சாலையில் எலும்பு நீக்குகிறவன். மார்ச் மாதம் பாதி மாடு ஒன்று கொக்கி கழன்று அவன் பின்கழுத்தில் விழுந்தது. அன்றிலிருந்து யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான். முழு உடம்போடு, கதவு மாதிரி திரும்புவான்.

சோதனையில் நாலு கிலோ பெட்டியைத் தோள் வரை தூக்கினான். நாடித் துடிப்பு நூற்று நாற்பத்திரண்டு! முகமெல்லாம் வியர்வை. கைப்பிடிக் கருவியில் பிடியின் அகலத்தை மாற்றி மாற்றி, ஐந்து அளவிலும் அழுத்தச் சொன்னாள். நடிப்பவனுக்கு வரைபடத்தில் ஐந்தும் ஒரே கோடாக வரும். நிஜமாக அழுத்துகிறவனுக்கு மேடாக எழும்பி இறங்கும். டாரலுக்கு அழகான மேடு.

நடிப்பே இல்லை. அத்தனையையும் பென்சிலால் தாளில் குறித்தவள் நோரீன்தான். மறுநாள் 'நடிப்பு' என்று டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான். சொல்லவே நாக்கு கூசும் பிழைப்பு!

மளுக்... மளுக்...

நிமிர்ந்தாள். வாசலில் லெய்ட்டன் ஃப்ராஸ்ட். இந்தச் சோதனை மையத்தின் முதலாளி. தினமும் ஜிம், ஞாயிறானால் படகு. பேசுவதற்கு முன்னால் கழுத்தை இடமும் வலமும் சொடுக்கிக் கொள்வது அவன் வழக்கம்.

"கேள்விப்பட்டியா நோரீன்? உன் ஆளு பெரிய ஆளாயிட்டான்!"

"லெய்ட்டன், அவர் பண்ணியிருக்க முடியாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாலு கிலோ! நாலே கிலோ!"

"மெதுவா... ஜன்னல் திறந்திருக்கு."

"நீங்கதானே தொழிற்சாலைக்குப் போன் பண்ணி, 'அந்த வேலைக்கு எவ்வளவு தூக்கணும்'னு கேட்டீங்க? இருபத்தஞ்சுன்னாங்க. உடனே 'இருபத்தஞ்சுன்னு போடு'ன்னீங்க. எப்பவுமே அப்படித்தானே! முதல்ல வேலை என்ன கேக்குதுன்னு பார்க்கறது, அப்புறம் அந்த மனுஷன் தலையில அதையே எழுதிடறது!"

"எல்லாம் சரி. கையெழுத்து யாரோடது?"

நோரீன் தன் சாண்ட்விச் பையை அருகே இழுத்துக்கொண்டாள்.

லெய்ட்டன் மேஜை விளிம்பில் உட்கார்ந்தான். குரலில் தேன் ஒழுகியது.

"இதோ பாரு கண்ணு. அன்னிக்கு வெயிட்டிங் ரூம்ல டாரல் கத்தினது ஞாபகம் இருக்கா? நெவில் கார் வெளியில நின்னுச்சு. 'இவன் என் வீட்டுப் பக்கம் வந்தான்னா தண்ணித் தொட்டியில அமுக்கிடுவேன்'னான். அத்தனை பேர் காதுலயும் விழுந்துச்சு. சொன்னதைச் செஞ்சிட்டான். நீ ஏன் நடுவுல போய் விழறே?"

"கோவத்துல சொல்றதுதான்..."

"போலீஸ்கிட்ட போனா உன் லைசென்ஸ் போச்சு. ஆறு வருஷமா எத்தனை கையெழுத்து? இருநூறா, முந்நூறா? ஒண்ணைக் கிளறினா மிச்சமும் நாறும். அந்தப் பென்சில் தாள் எங்கே?"

"ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். குடு, கிழிச்சுப் போட்டுடலாம்."

"அலமாரியில இருக்கு."

பொய்! தாள்கள் அவள் சாண்ட்விச் பையில், தக்காளிக்கும் ஆப்பிளுக்கும் கீழே இருந்தன.

லெய்ட்டன் அலமாரியைத் திறக்கக் குனிந்தான். நோரீன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்... வாசலைத் தாண்டியதும் ஓடினாள்.

*

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் கேலீன் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிச் சீருடை அப்படியே இருந்தது.

"வந்துட்டியா?" என்றாள். "இன்னும் ஏதாவது எழுத பாக்கி இருக்கா?"

"கேலீன், நான்..."

"அந்த மனுஷன் மூணு மாசமா தலையணை இல்லாம, நாற்காலியில உட்கார்ந்தபடி தூங்கறாரு. நீ அவரை நடிகன்னு எழுதினே! தெருவுல எவனும் முகம் குடுத்துப் பேசல. இப்ப கொலைகாரனாவும் ஆக்கிட்டே. நல்லா இரும்மா!"

நோரீன் தலை குனிந்தபடி உள்ளே போனாள். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. பட வேண்டிய வெட்கம்தான்.

ஹேடோ பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார்.

"சார்ஜென்ட், நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் பொய். இதுதான் நிஜம்."

தக்காளி வாசனையோடு தாள்கள் மேஜைக்கு வந்தன. ஹேடோ படித்தார். பிஸ்கட் டீக்குள் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நாலு கிலோ?"

"நாலு."

"என்ன விளையாடறீங்களா? நேத்து வரைக்கும் இருபத்தஞ்சு, இன்னிக்கு நாலா? மாட்டுக்கறிகூட இவ்வளவு சீக்கிரம் இளைக்காதும்மா! இதுக்கு நீங்க ஜெயிலுக்கே போகலாம், தெரியுமா?"

"தெரியும். போறேன். ஆனா டாரலை விட்டுடுங்க."

"அவ்வளவு சுலபமா விட முடியாது. வக்கீல் வந்து, 'கொலைக்கு அப்புறம் மனசு இரங்கி மாத்திச் சொல்றா'ம்பான். கொலைக்கு முந்தி எழுதினதுக்குத்தான் மதிப்பு. இந்த ரிப்போர்ட் வியாழக்கிழமையே இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போயிருக்கு. முத்திரை இருக்கு, பாருங்க." ஹேடோ ரிப்போர்ட்டைப் பிரித்தார். "அதுவும் நாலாம் பக்கம் அப்படியே இந்தக் கேஸுக்குன்னே தைச்ச சட்டை மாதிரி இருக்கு. 'சுமையுடன் ஏணி ஏறுதல்: பத்து படிகள், தடையின்றி.' டாரல் வீட்டு ஏணிக்கும் பத்து படிதான்!"

நோரீன் மேஜை மேல் குனிந்தாள்.

"என்ன சொன்னீங்க...?"

"பத்து படி."

"ஏணின்னா சொன்னீங்க?"

"காது கேக்கலையா? ஏணிதான்!"

அவள் தாவி அந்தப் பக்கத்தைப் பிடுங்கினாள். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"சார்ஜென்ட்... இதை நான் டைப் அடிக்கல."

"என்னம்மா, இதுவும் இல்லையா?"

"மத்த பொய் எல்லாம் நான் அடிச்சது. புதன்கிழமை மதியம் கையெழுத்துப் போட்டு அவர் மேஜையில வெச்சேன். அதுல ஏணி இல்ல! எங்க மையத்துல ஏணியே கிடையாது. கழுத்து அடிபட்டவங்களை ஏணியில ஏத்தவே கூடாது, அது எங்களுக்கு முதல் பாடம். எலும்பு நீக்கற வேலைக்கு ஏணி எதுக்கு? நாள் பூரா ஒரே மேஜை, ஒரே கத்தி!"

"அப்ப இந்த வரி..."

"என் கையெழுத்து ஆறாம் பக்கத்துல. நாலாம் பக்கத்தை உருவிட்டு வேற சொருகியிருக்காங்க."

"யாரு?"

நோரீன் பக்கத்தை மேஜையில் வைத்து, ஏணி வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"வேலை என்ன கேக்குதுன்னு முதல்ல பார்த்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி ரிப்போர்ட் எழுதற ஆளு. அந்தப் பழக்கம் அவரை விடல. டாரல் கோவத்துல கத்தின மாதிரியே தொட்டியில போடணும்னா ஏணி ஏறணும். அதனால டாரல் ஏணி ஏறுவார்னு எழுதிட்டாரு! நெவில் செத்தது திங்கட்கிழமை, ஆனா அவனைத் தூக்கிட்டு ஏறப்போற ஏணி வியாழக்கிழமையே பேப்பர்ல வந்துடுச்சு சார்ஜென்ட்!"

ஹேடோ எழுந்தே விட்டார்.

"லெய்ட்டன் ஃப்ராஸ்ட்!"

"புதன் மதியம் நெவில் எங்க ஆபீஸுக்கு வந்தான். கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் சத்தம் போட்டாங்க. 'வெட்டாத முழு வீடியோவை டாரல்கிட்டயே குடுத்துடறேன், எனக்குத் தூக்கம் வரல'ன்னு நெவில் சொன்னது எனக்கே கேட்டுச்சு. ஏதோ வியாபாரத் தகராறுன்னு விட்டுட்டேன்."

*

போலீஸ் போனபோது லெய்ட்டன் மையத்துப் பின்புறம் அலமாரிக் காகிதங்களைக் கொளுத்திக்கொண்டிருந்தான். கேள்வி எதற்கும் இடம் வைக்காத நெருப்பு. அவன் காரில், உபரிச் சக்கரத்துக்கு அடியில், நெவிலின் கேமரா கிடைத்தது.

ஸ்டேஷனில் அதைப் போட்டுப் பார்த்தார்கள்.

இன்ஷூரன்ஸுக்குப் போனது பதினோரு விநாடி. டாரல் ஒரு பால் டப்பாவைத் தூக்கும் காட்சி.

மிச்சம் இருபத்து மூன்று நிமிஷம் இருந்தது. டாரலின் நாலு வயது மகள் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வருகிறாள். அவன் குனிகிறான். தூக்க முயல்கிறான். முடியவில்லை. புல்தரையில் அப்படியே உட்கார்ந்து, குழந்தைக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

ஒளிந்து படம் எடுத்தே பிழைத்த நெவிலுக்கே இதைப் பார்த்துத் தூக்கம் போயிருக்கிறது. கையெழுத்துப் போட்டவள் மட்டும் இத்தனை நாள் நன்றாகத் தூங்கியிருக்கிறாள்!

டாரலை வெளியே கூட்டி வந்தார்கள். கழுத்தில் பட்டை. நோரீனைப் பார்க்க, முழு உடம்போடு திரும்பினான்.

"டாரல்... மன்னிச்சிடுங்க."

"உண்மையைச் சொல்ல உனக்கு ஒரு பிணம் தேவைப்பட்டுச்சா?"

அவன் வலது கையை நீட்டிக் காட்டினான்.

"உன் பேப்பரைக் காட்டித்தான் நேத்து காலையில என்னைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டாங்க. அரை மணி நேரம் கத்தி பிடிச்சேன். இப்ப வலது கையில மூணு விரல் மரத்துப் போச்சு. அதையும் உன் பென்சில் தாள்ல எழுதிக்க."

கேலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நோரீன் தன் உத்தியோக அடையாள அட்டையைக் கழற்றி ஹேடோவின் மேஜையில் வைத்தாள். அழவில்லை. அழுவதற்குக்கூட அன்று தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அப்போது லெய்ட்டனை விலங்கோடு உள்ளே கொண்டு வந்தார்கள். தோள்களைக் குறுக்கி, முனகிக்கொண்டே வந்தான்.

"ஐயோ... உங்க ஆளுங்க கழுத்தைத் திருகிட்டாங்க! தலையைத் திருப்பவே முடியல. லாக்கப்ல படுக்க முடியாது... என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க!"

"டேய் கொலைகாரா!" பின்னாலிருந்து கேலீன் கத்தினாள்.

லெய்ட்டன் சடாரென்று திரும்பினான். தலை மட்டும். தோள் அசையவே இல்லை.

மளுக்!

அறையே அந்தக் கழுத்தைப் பார்த்தது.

ஹேடோ அடையாள அட்டையை விரலால் நகர்த்தினார். "நோரீன், கடைசியா ஒரு தடவை. இவரைப் பத்தி என்ன சொல்றீங்க?"

"எனக்கு இனிமே கையெழுத்துப் போடற தகுதி இல்ல சார்ஜென்ட்."

"பரவாயில்ல, நான் சொல்றேன்." டாரல் முழு உடம்போடு, கதவு மாதிரி, லெய்ட்டன் பக்கம் திரும்பினான்.

"முழு நேர வேலைக்குத் தகுதியானவர். ஜெயில்ல எந்த வேலை வேணும்னாலும் குடுங்க... ஏணியை மட்டும் குடுத்துடாதீங்க!"