இருபத்திரண்டாம் தேதி வரைக்கும் கஞ்சி

“மேல போகணும், சிஸ்டர். எங்கம்மையக் கட்டில்ல வச்சுப் பாக்கணும்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று குருவானவரின் மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். எட்டு நாளைக்கு முன்பு தேறுதல் இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போனால் ஆளைக் கீழே வராந்தாவுக்குக் கொண்டுவருவார்கள். பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். மாடி ஏறுகிறேன் என்று கேட்டவர்களுக்கு அன்றைக்கே ஆள் ரிக்‌ஷாவில் திரும்பி வந்திருக்கிறது. ஜீவமணி போன ஞாயிறு அப்படித்தான் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதத்தில் விழுந்த அம்மை அற்புதமணியை ஒரு நாற்காலியில் உட்கார்த்தி, விழுந்துவிடாமல் துண்டால் கட்டி, முகம் பூராவும் பவுடர் அப்பியிருந்தார்கள். உப்பளத்தில் வெயில் தின்ற முகத்தில் அந்த வெள்ளை ஒட்டாமல் திட்டுத்திட்டாக நின்றது. நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இன்று சனிக்கிழமை, ஆகஸ்ட் பதினெட்டு. சாயங்காலம் மெட்ராஸ் ரயில். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கவர்மென்ட் ஆபீசில் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அந்த வேலைக்காகத்தான் அம்மை பதினாறு வருஷம் உப்புச் சுமந்தாள். சொல்லிக்கொண்டு போகலாம் என்று வந்தவளின் கண்ணில் மேஜைமேல் இருந்த தாள் பட்டது.

சிஸ்டர் அமலோற்பவம் அடிக்குச்சியை வைத்து நேராகக் கோடு போட்டு, குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தலைப்பில் அம்மையின் பெயர். காய்ச்சல் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. நாடி எழுபத்திரண்டு. கஞ்சி குடித்தார். இன்றைய தேதிக்குக் கீழே பத்தொன்பதாம் தேதிக்கும் அதுவே. இருபதுக்கும், இருபத்தொன்றுக்கும் அதுவே. இருபத்திரண்டு, புதன்கிழமை, கஞ்சி குடித்தார். அதற்குக் கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

வராத நாளுக்கு நாடி பிடித்து எழுதுகிறாள் இந்தப் பொம்பளை. ஒரே உட்காரலில் ஒரு வாரத்து வேலையை முடிக்கிற சோம்பேறித்தனம். ஜீவமணிக்குச் சுர்ரென்று ஏறியது. அதனால்தான் அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்துவிட்டது.

சிஸ்டர் பேனாவை மூடினாள். “போயேன். நான் என்ன உன்னப் பிடிச்சா வச்சிருக்கேன்? ஏணிப்படி அங்கன இருக்கு.”

கத்துவாள், ரிக்‌ஷாவைக் கூப்பிடுவாள் என்றுதான் ஜீவமணி எதிர்பார்த்திருந்தாள்.

அந்தக் காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்குவதற்காகக் கட்டிய கட்டடம் அது. மாடிக்கு ஒரே ஒரு மரப்படி, அதிலும் பாதி அகலத்தை மண்ணெண்ணெய் டின்களும் கருகிப்போன பம்ப் ஸ்டவ்வும் பழைய மெத்தைகளும் அடைத்துக்கொண்டிருக்க, பக்கவாட்டில் உடம்பைத் திருப்பித்தான் ஏற வேண்டியிருந்தது. வெளியே புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளின் இரைச்சல் ஒவ்வொரு படிக்கும் மங்கிக்கொண்டே வந்து, அதன் இடத்தில் டெட்டால் வாடையும், டெட்டாலுக்கு அடியில் மூத்திர வாடையும், அதற்கும் அடியில் ஈரத்தில் கெட்டுப்போன கருவாடு மாதிரி இனிப்பாக ஒன்றும் மூக்கில் ஏறின. அது கருவாடு இல்லை, படுத்துப் படுத்து வெந்துபோன முதுகுச் சதை என்று கடைசிப் படியில் தெரிந்துகொண்டாள்.

கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி. கொக்கியை எடுத்துவிட்டுத் தள்ளினாள்.

இருபது கட்டில்கள், பக்கத்துக்குப் பத்து. ஜன்னல்களில் கம்பி, கம்பிக்குமேல் கொசுவலை, வலைக்குமேல் ஆணி அடித்த கோணிச்சாக்கு. சாக்கின் ஓட்டைகள் வழியாக வெயில் காசு காசாகத் தரையில் விழுந்திருந்தது. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கிழவி. ஒவ்வொரு கிழவியின் மணிக்கட்டிலும் சேலைக்கரையைக் கிழித்துப் போட்ட முடிச்சு; அதன் மறுமுனை கட்டில் கம்பியில். ஒருத்தியும் முனகவில்லை. அவள் நடந்தபோது ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. நின்றாள். மூச்சுகள் வந்தன, நாலு பக்கத்திலிருந்தும், அடக்கி வைத்திருந்த மூச்சுகள். மறுபடி நடந்தாள். நின்றுபோயின.

செருப்புச் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கட்டில்களின் கால்மாட்டில் தாள்கள் தொங்கின. வாசித்தாள். முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் எழுதியிருந்தது. அடுத்தது, முப்பத்தொன்று. அடுத்ததும். எல்லோருக்கும் நாடி எழுபத்திரண்டு. ஒவ்வொரு தாளின் அடியிலும் பச்சை மையில் மேற்பார்வை அதிகாரியின் கையெழுத்து: ‘நேரில் பார்த்தேன். திருப்தி. 31.8.73.’ இன்னும் பதின்மூன்று நாள் கிடக்கிறது. அதற்குள் நேரில் பார்த்துவிட்டார்.

பன்னிரண்டாவது கட்டில் காலி. மெத்தையைக் கழுவியிருந்தார்கள், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. தாளை இன்னும் எடுக்கவில்லை. அது பதினேழோடு நின்றிருந்தது.

பதினேழு நேற்று.

அம்மை பதின்மூன்றாவது கட்டிலில் கிடந்தாள். பவுடர் இல்லை. எட்டு நாளில் பாதியாகியிருந்தாள். பக்கத்துக் கட்டில் கிழவி, கட்டியிருந்த கையை முடிச்சு இழுக்கும் மட்டும் நீட்டி, ஒரு அலுமினிய டம்ளரை அம்மையின் வாயருகே சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பெரிய கழுதைக்குப் பால்குடி மறக்கல,” என்றாள் கிழவி, ஜீவமணியைப் பார்த்துச் சிரித்து. “நீதான் படிச்ச மவளா? உம் மூக்கு அப்படியே அம்மைக்கு.”

“நீங்க ஏன் ஊட்டுதீங்க? ஆயா இல்லையா?”

“ஆயா கஞ்சிய வச்சிட்டுப் போயிருவா. கையக் கட்டிப்போட்டா எவ எடுத்துக் குடிக்க? என் முடிச்சு கொஞ்சம் நீளம். இவளுக்கு எட்டுது. அந்தக் காலிக் கட்டிலு எட்டல.”

ஜீவமணி காலிக் கட்டிலைப் பார்த்தாள்.

“அவளுக்கு எழுத்து நின்னுபோச்சு தாயி. தாள்ல எழுத்து நிக்கிற அன்னிக்குக் கஞ்சியும் நின்னுரும். அதுக்கப்புறம் அவ கட்டில்ல யாரும் வைக்கமாட்டாவ. அவ ஒல்லி. ஒரே ராத்திரியில போயிட்டா.” கிழவி இதை மழை பெய்ததைச் சொல்லுகிற மாதிரி சொன்னாள். “நமக்கு எழுத்துத் தெரியாதுல்லா. எதுல நிக்கின்னு யாருக்குத் தெரியும்.”

ஜீவமணிக்குத் தெரியும். இருபத்திரண்டு.

மரப்படியில் ரப்பர் செருப்புச் சத்தம். அறை முழுக்க மூச்சு நின்றது. கிழவி டம்ளரைப் போர்வைக்குள் ஒளித்தாள். அம்மையும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், எட்டு நாளில் பழகியிருந்தாள்.

சிஸ்டர் அம்மையின் தாளோடு வந்தாள். மற்றக் கட்டில்களில் தொங்கிய தாள்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரே கட்டாகச் சேர்த்துக்கொண்டாள். வாசல் பக்கம் வா என்று கண் காட்டினாள்.

“பாத்தாச்சா?”

“போலீசுக்குப் போவேன்.” சொன்னபோதே குரல் சின்னதாகக் கேட்டது.

“போ. அவங்க மேற்பார்வை ஆபீசுக்கு எழுதுவாங்க. ஆபீஸ் எனக்கு எழுதும். நான் பதில் எழுதுவேன்.” பச்சை மைக் கையெழுத்தைத் தட்டிக் காட்டினாள். “ஏளா, இங்க பாரு. வியாழக்கிழமை ஒரு ஆள் வருது. நேத்துக் காலியானதுக்கு நாளைக்கே ஆள் வந்துரும். அதனால இன்னும் ஒரு கட்டில் வேணும். நீ மெட்ராசுக்குப் போறவ, தேடி வரமாட்டேன்னு உங்கம்மையப் போட்டேன். உனக்குப் பொறுக்கலன்னா முப்பத்தொண்ணு வரைக்கும் எழுதிருதேன். அடுத்த மாசமும் எழுதுதேன். ஆனா வேற ஒரு தாள் இருபத்திரண்டுல நிக்கணும்.”

ஜீவமணி பதின்மூன்றாவது கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லன்னா இப்பவே கூட்டிட்டுப் போ. ரிக்‌ஷா வாசல்லதான் நிக்கி.”

கூட்டிக்கொண்டு எங்கே போவது. வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. பாத்திரம்கூடக் கைமாறிவிட்டது. திங்கட்கிழமை பத்து மணி. பதினாறு வருஷத்து உப்பு. உப்பளத்துக் கங்காணியைக் கல்லால் அடித்தவள்தான் ஜீவமணி. காலேஜில் சாதி கேட்ட வார்டனை எதிர்த்துப் பேசியவள்தான். அந்தக் கோபத்தையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள். வந்தது. அடிப்பதற்கு எதிரே ஒன்றும் இல்லை. ஒரு கட்டுத் தாள் மட்டும்.

“எதுன்னு நீயே சொல்லு,” என்றாள் சிஸ்டர். “எனக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

தாள்களை வாங்கினாள். கை தானாகப் புரட்டியது. பரீட்சைக்குப் படித்த கை. உறவினர்: மகன், கொழும்பு. உறவினர்: தம்பி, சாத்தான்குளம். உறவினர்: மருமகள். உறவினர்: மகள். உறவினர்: இல்லை.

இல்லை.

விரலை அதன்மேல் வைத்தாள்.

சிஸ்டர் எட்டிப் பார்த்தாள். சிவப்புப் பென்சிலை எடுத்தாள். அடிக்குச்சியை வைத்தாள். இருபத்திரண்டுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே இருந்ததெல்லாம் குறுக்கே அடிபட்டது. பிறகு அம்மையின் தாளில் இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று எழுதிக்கொண்டே போனாள். கஞ்சி குடித்தார். கஞ்சி குடித்தார். கஞ்சி குடித்தார்.

“கொண்டுபோய் நீயே மாட்டிரு. பேரு சுடலைமாடத்தி. பதினாலாம் கட்டில்.”

பதினாலு.

முடிச்சு நீளமாக இருந்த கட்டில்.

“மாத்தணுமா?” சிஸ்டர் பென்சிலை நீட்டினாள். “சீக்கிரம் சொல்லு. உனக்கு ரயிலுக்கு நேரமாச்சு.”

பதினேழு தாள்கள் இன்னும் கையில் இருந்தன. மகன். தம்பி. மருமகள். கேட்டு வருகிறவர்கள். கடிதம் போடுகிறவர்கள். ஜீவமணி பென்சிலைப் பார்த்தாள். வாங்கவில்லை.

தாள் இரண்டையும் கொண்டுபோய் மாட்டினாள். முதலில் அம்மையினுடையது. பிறகு மற்றது.

“தாயி,” என்றாள் சுடலைமாடத்தி. “எந் தாள்லயும் எழுதுனாவளா? நீ படிச்ச பிள்ளைல்லா. வாசிச்சுச் சொல்லேன். எம்புட்டு வரைக்கும் இருக்கு?”

ஜீவமணி சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“முப்பத்தொண்ணு.”

“அப்படிச் சொல்லு. அப்ப உங்கம்மைக்குக் கவலை இல்ல, நான் இருக்கேன்.”

அம்மைக்கும் எழுத்துத் தெரியாது. ஆனால் இருபத்தியொரு வருஷமாக ஜீவமணியின் முகத்தை வாசித்தவள் அவள். நேராகப் பார்த்தாள். அசையாத பாதியும் அசைகிற பாதியும் சேர்ந்து பார்த்தன.

“அம்மா, நான் வாரேன்,” என்றாள் ஜீவமணி. பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

சுடலைமாடத்தி போர்வைக்குள்ளிருந்து டம்ளரை எடுத்தாள். கையை நீட்டினாள். முடிச்சு விறைத்தது, மணிக்கட்டில் வெள்ளையாகத் தோல் இழுபட்டது. “மிச்சத்தையும் குடி, ஏளா. ஆறிப்போச்சு. வாயத் தொற.”

இரண்டு மாதமாக மூட முடியாமல் எச்சில் வழிந்துகொண்டிருந்த வாய். எந்த வைத்தியனாலும் சேர்க்க முடியாத உதடுகள். அவை மூடியிருந்தன. கோணல் இல்லாமல், தைத்த மாதிரி. கஞ்சி மோவாயில் வழிந்து கழுத்துக்குப் போனது. கண் மட்டும் மகளின்மேல்.

“தொற, அற்புதம். என்ன வந்துட்டு ஒனக்கு? தொற.”

ஜீவமணி திரும்பவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டாள். சங்கிலியைத் தன் கையாலேயே மாட்டினாள். பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி, மண்ணெண்ணெய் டின்களில் இடிக்காமல், ஒவ்வொரு படியாக இறங்கினாள். வராந்தா. முற்றம். வெயில். ரிக்‌ஷாக்காரனிடம் ஸ்டேஷன் என்றாள்.

மேலே டம்ளரின் விளிம்பு பல்லில் இடித்துக்கொண்டிருந்தது. டக். டக். டக்.