இடைவெளியில் ஒரு மூச்சு

தையல்காரரின் மூச்சு நின்று நின்று வந்தது. கடைசி நேரத்தில் அப்படித்தான் வரும் என்று சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கான இந்த இல்லத்தின் தொண்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்திருந்த அவள் அதற்குப் பயப்படவில்லை. ஆனால் அவர் மூச்சு நின்ற இடைவெளியிலும் அறையில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழை மூட்டத்தில் பிற்பகலே இருண்டு கிடந்தது. டெட்டால் நெடியும் ஈரத் துணியின் புழுக்கமும் கலந்த அந்த மூலையறையில், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் அடுத்தவர் பேச்சையும் பெருமூச்சையும் காதில் வாங்கியே ஓய்வுபெற்ற அவள், ஜன்னல், மின்விசிறி, கட்டிலின் அடி என்று ஒவ்வொன்றாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வாசலில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“ஆக்சிஜன் மெஷின் ஓடுதாம்மா?” என்று இவள் கேட்டாள்.

“காலையிலயே எடுத்துட்டோமேக்கா.” சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள்.

அவளுடைய கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இங்கே வந்து, யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். “நான் போற வரைக்கும் கையை விட்டுடாதீங்கம்மா” என்று போன வாரம் தையல்காரர் கேட்டபோது, சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

இப்போது அவர் கண்ணைத் திறந்தார். பார்வை அவள் தோளைத் தாண்டிப் போயிற்று.

“உங்க கூட வந்திருக்கறது யாரும்மா?”

“நான் தனியாத்தான் வந்தேன்யா.”

“இல்லியே. போன வாரமும் வந்துச்சே. நீங்க யார் கையைப் பிடிக்கறீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னுச்சு.”

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“கையை விடுங்கம்மா,” என்றார். “தயவுசெஞ்சு விடுங்க.”

விடத்தான் பார்த்தாள். விரல்கள் பிரியவில்லை. அவளுடைய விரல்கள்தான். அவள் பேச்சைக் கேட்கவில்லை. இறுகின. அவர் எலும்பு நெரிவது தெரிந்தது. ஒரு மூச்சு. இடைவெளி. அப்புறம் ஒன்றுமில்லை.

விரல்கள் தாமாகத் திறந்தன.

அந்த இன்னொரு மூச்சு மட்டும் நிற்கவில்லை. இப்போது அவள் பிடரியில் பட்டது. சூடாக.

திரும்பிப் பார்க்காமல் பொது வார்டுக்குள் ஓடினாள். இரண்டு வரிசைக் கட்டில்கள். யாரும் கத்தவில்லை. எல்லோரும் அவள் தோளுக்கு மேலே பார்த்தார்கள். முதல் கட்டில்காரர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும்.

கடைசிக் கட்டிலில், நினைவு தப்பிக் கிடந்த பெண்ணின் கை மட்டும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுடைய கை தானாக அதை நோக்கி நீண்டது.